பங்கு வாங்கியவர் தொழிலாளி இல்லையா? ஒரு சுரங்க விபத்தும் கூட்டுறவுச் சங்கமும்

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் பினாங்கின் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஒன்றரை வருடமாக சரவாக்கில் ஒரு சிறிய நிலக்கரிச் சுரங்கத்தில் பம்ப், காற்றாடி, கன்வேயர் எல்லாம் பழுது பார்க்கும் வேலை செய்கிறார். சுரங்க லைசென்ஸ் ஒரு கம்பெனி பேரில் இருக்கிறது, கரி வெட்டித் தருவது கோலாலம்பூரில் பதிவான ஒரு கூட்டுறவுச் சங்கம். வேலைக்குச் சேரும்போதே 5,000 ரிங்கிட்டுக்குப் பங்கு வாங்க வைத்தார்கள். சம்பளம் கிடையாது, வெட்டிய டன்னைப் பொறுத்து "மாத ஈவு" என்று கையில் தருவார்கள். மழை மாதத்தில் 900 ரிங்கிட்தான் வந்தது. சொக்சோ (தொழிலாளர் விபத்துக் காப்புறுதி) இல்லை, இபிஎஃப் (சேமநிதி) இல்லை. போன மாதம் கன்வேயர் பெல்ட்டில் வலது கை சிக்கி இரண்டு விரல் போய்விட்டது. "நீங்கள் தொழிலாளி இல்லை, உறுப்பினர், சங்கத்துக்கே முதலாளி நீங்கள்தான்" என்று சொல்லி, 2,000 ரிங்கிட் தருகிறோம், இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். டீசல் மிச்சம் பிடிக்க ராத்திரியில் காற்றாடியை நிறுத்துவதைப் பற்றி அவர் முன்பே புகார் சொன்னவர். இப்போது வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள், இனி வரவேண்டாம் என்று மண்டோர் (மேற்பார்வையாளர்) குரல்பதிவு அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. இதற்கிடையில் சுரங்கத்தை விரிவுபடுத்த ஆளுக்கு இன்னும் 10,000 போடச் சொல்லிக் கடிதம் வேறு வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தாளில் அவர் கையெழுத்துப் போடக்கூடாது. 2,000 ரிங்கிட்டை வாங்கவும் வேண்டாம். வீட்டில் பணமுடை இருக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் "இத்துடன் எனக்கு வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி அதில் கட்டாயம் இருக்கும், அந்த வரிக்காகத்தான் அவ்வளவு அவசரப்படுத்துகிறார்கள். தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒரு தாளால் சொக்சோ உரிமையை அழித்துவிட முடியாது. ஆனால் சம்பள பாக்கிக்கும் வேலைநீக்கத்துக்கும் நீங்கள் போராடும்போது அதே தாளைத்தான் உங்கள் முன்னால் நீட்டுவார்கள்.

இரண்டாவது, நாள் கணக்கு. 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி, நியாயமான காரணமில்லாமல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் எழுத்துமூலம் முறையிட வேண்டும். 61-ஆம் நாள் போனால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் எடுக்கமாட்டார்கள். மண்டோர் குரல்பதிவு அனுப்பிய தேதியிலிருந்து எண்ணுங்கள், மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது. முறையான கடிதம் வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள், இந்த மாதிரி இடங்களில் கடிதம் வராது. இந்தச் சட்டம் சரவாக்குக்கும் பொருந்தும். விண்ணப்பம் அவர் வேலை செய்த இடத்துக்குப் பக்கத்திலுள்ள தொழில் உறவு இலாகா அலுவலகத்துக்குப் போகவேண்டும், எப்படி அனுப்புவது என்பதைப் பினாங்கு அலுவலகத்தில் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.

சரி, இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். உறுப்பினர் என்பதால் தொழிலாளி இல்லை என்கிறார்களே, அது சட்டத்தில் நிற்காது. ஒருவர் ஒரே சங்கத்தில் பங்குதாரராகவும் இருக்கலாம், தொழிலாளியாகவும் இருக்கலாம், ஒன்று மற்றதை அழித்துவிடாது. வேல்ஸ் நாட்டில் டவர் என்ற நிலக்கரிச் சுரங்கத்தை 1994-இல் அரசு நிறுவனம் மூடியபோது, 239 தொழிலாளிகள் தங்களுக்குக் கிடைத்த நட்டஈட்டிலிருந்து ஆளுக்கு 8,000 பவுண்ட் போட்டு அதை வாங்கினார்கள், 1995 ஜனவரியிலிருந்து 2008 வரை தாங்களே நடத்தினார்கள். அங்கே சொந்தக்காரரும் அவர்கள்தான், கீழே இறங்கிக் கரி வெட்டிச் சம்பளம் வாங்கியவர்களும் அவர்கள்தான். பங்கு வைத்திருக்கிறாயே, உனக்கு எதற்குச் சம்பளம் என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் முதலாளி என்ற பட்டம் மட்டும் வந்திருக்கிறது, அதிகாரமும் வரவில்லை, லாபமும் வரவில்லை.

நீதிமன்றம் பெயரைப் பார்க்காது, நடப்பைப் பார்க்கும். ஷிப்ட்டை யார் போட்டார்கள்? லீவு யாரிடம் கேட்டார்? ஸ்பேனர் முதல் பம்ப் வரை யாருடைய சாமான்? ஒரு நாள் வராமல் போனால் பணத்தை யார் பிடித்தார்கள்? உங்கள் கடிதத்தோடு அனுப்பிய படங்களில் ஒன்று என் கண்ணில் பட்டது: பள்ளி நோட்டுத்தாளில் நீல மையில் அவர் பெயர், 24 ஷிப்ட், அதற்கு நேரே ஒரு தொகை, கீழே "சாப்பாடு கழிவு", "பூட்ஸ் கழிவு", கடைசியில் கைக்கு வந்த பணம். அதன் தலைப்பில் "ஈவு" என்று எழுதியிருக்கிறது. கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1993-இன்படி ஈவு என்பது கணக்கு தணிக்கை ஆன பிறகு நிகர லாபத்திலிருந்து வருவது. ஷிப்ட் கணக்குப் பார்த்து, பூட்ஸ் காசைக் கழித்து, மாதாமாதம் கொடுப்பதற்குப் பெயர் சம்பளம். அந்தத் தாள்தான் உங்கள் முதல் சாட்சி, அசலைப் பத்திரமாக வையுங்கள்.

சம்பளம் என்று ஆகிவிட்டால் அந்த 900 ரிங்கிட் மாதமும் கேள்விக்கு வருகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட், ஐந்து பேருக்குக் குறைவான இடங்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல். டன் கணக்கில் கூலி வாங்குபவருக்கும் மாதத்துக்கு இதற்குக் கீழே போகக்கூடாது என்று அந்த உத்தரவே சொல்கிறது. இந்தப் பாக்கியைக் கேட்கவேண்டிய இடம் சரவாக் தொழிலாளர் இலாகா, ஏனென்றால் நம் பக்கத்து 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் மட்டும்தான், சரவாக்குக்குத் தனித் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. சங்கம் கோலாலம்பூரில் பதிவானது என்பதால் இங்கேயே முடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அங்கேதான் மாதக்கணக்கில் அலைச்சல். வழக்கு நீதிமன்றம் வரை போனால் சரவாக் வழக்கறிஞர்தான் வேண்டும், என்னைப் போன்ற தீபகற்ப வழக்கறிஞருக்கு அங்கே வாதாட உரிமை இல்லை.

சொக்சோவுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது, நாடு முழுக்க ஒரே சட்டம். பினாங்கிலுள்ள பெர்கேசோ, அதாவது சொக்சோவை நடத்தும் அமைப்பின், அலுவலகத்துக்கு நேரில் போங்கள். பதிவே செய்யவில்லையே, எப்படிக் கேட்பது என்று தயங்கவேண்டாம். பதிவு செய்யாததும் சந்தா கட்டாததும் முதலாளியின் குற்றம், அதற்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டும் உண்டு. இன்னொன்றையும் அதிகாரியிடம் சொல்லுங்கள்: சொக்சோ சட்டம் எனப்படும் 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி, வேலையைக் கொடுத்த பிரதான முதலாளிதான் முதலில் சந்தா கட்டவேண்டியவர், ஆளை இடையில் இன்னொருவர் மூலம் எடுத்திருந்தாலும்கூட. இங்கே அது லைசென்ஸ் வைத்திருக்கும் கம்பெனியைக் கைகாட்டலாம். சங்கத்தை மட்டும் எழுதி கம்பெனியை விட்டுவிடாதீர்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டால் வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்கு நாள் சம்பளக் கணக்கில் 80 சதவீதம் வரும், விரல் இழப்பை மருத்துவ வாரியம் மதிப்பிட்டு நிரந்தர ஊனத்துக்கான தொகையைத் தனியாக முடிவு செய்யும். மறுவாழ்வுப் பயிற்சியும் உண்டு, மெக்கானிக் கைக்கு அது மிகவும் தேவை, கேட்டு வாங்குங்கள்.

போகும் முன் ஒரு வேலை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது யார் கூட வந்தார்கள், விபத்து எப்படி நடந்தது என்று என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மெடிக்கல் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். வேலையிட விபத்தை "வீட்டில் அடிபட்டது" என்று சொல்லிச் சேர்ப்பது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் விஷயம். அப்படி இருந்தால் உடனே போலீஸ் புகார் செய்து உண்மையைப் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அவர் இருந்த காலத்துச் செய்திகள், மண்டோர் குரல்பதிவு, காற்றாடி பற்றி அவர் எழுதியது, எல்லாவற்றையும் இன்றே வேறொரு போனுக்கும் ஏற்றிவிடுங்கள்.

இதில் சங்கத்துக்காரர்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. சொக்சோ சட்டத்தின் 31-ஆம் பிரிவு, காப்புறுதி உள்ள தொழிலாளி வேலையில் ஏற்பட்ட காயத்துக்காகத் தன் முதலாளிமேல் நட்டஈட்டு வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. அதாவது அந்தச் சட்டம் முதலாளிக்கும் ஒரு கவசம். அவர் தொழிலாளியே இல்லை என்று கடைசிவரை பிடிவாதம் பிடித்தால் அந்தக் கவசத்தையும் அவர்களே கழற்றி வைக்கிறார்கள், பிறகு கவனக்குறைவுக்காக முழு நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். இதை அவர்களுக்கு எழுதும் கடிதத்தில் ஒரு பத்தியாகப் போடச் சொல்லுங்கள், பேச்சின் தொனி மாறும். அப்புறம், "இப்போதே சொக்சோவின் சுயதொழில் திட்டத்தில் பதிந்துவிடுகிறோம்" என்று வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது முதலாளி இல்லாதவர்களுக்கான திட்டம், நடந்து முடிந்த விபத்துக்கு உதவாது, அவர் வாயாலேயே நான் தொழிலாளி இல்லை என்று சொன்னதாகவும் ஆகிவிடும்.

காற்றாடி விஷயம்தான் என்னை அதிகம் வருத்துகிறது, ஏனென்றால் உங்கள் வீட்டுக்காரர் இப்போது வெளியே இருக்கிறார், மற்றவர்கள் இன்னும் உள்ளே இறங்குகிறார்கள். நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் கசிந்துகொண்டே இருக்கும், காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். ராத்திரி முழுக்கக் காற்றாடியை நிறுத்திவைத்து, காலையில் வாயுவை அளக்காமல் ஆளை இறக்குவது எவ்வளவு ஆபத்து என்பதை ஒரு மெக்கானிக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை, அவர் சரியாகத்தான் புகார் சொல்லியிருக்கிறார். 2014 நவம்பரில் சரவாக்கின் செலாந்திக்கில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நடந்த வெடிப்பில் தொழிலாளிகள் இறந்தார்கள், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம் ஆட்களுக்கும் இந்தத் தொழில் புதிதில்லை. சிலாங்கூரில் பத்து ஆராங் சுரங்கம் 1960-இல் மூடும்வரை தமிழர்களும் சீனர்களும் அங்கே உழைத்தார்கள், 1937-இல் நடந்த பெரிய வேலைநிறுத்தமும் அங்கேதான். இடையில் ஒரு ஒப்பந்தக்காரரை நிறுத்தி ஆளுக்குப் பொறுப்பேற்காமல் கரியை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறை அன்றும் இருந்தது. இன்று அந்த இடத்தில் ஒரு சங்கத்தின் பெயர்ப்பலகை.

ஆகவே ஜேகேகேபி, அதாவது வேலையிடப் பாதுகாப்பு இலாகாவிடம், தனியாக ஒரு புகார் கொடுங்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் கடுமையாகிவிட்டது. முதலாளியின் அடிப்படைக் கடமையை மீறினால் அபராதம் 500,000 ரிங்கிட் வரை. உடனடி ஆபத்து தெரிந்தால் தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. பாதுகாப்பைப் பற்றிப் புகார் சொன்னவரைப் பழிவாங்குவதும் குற்றம். பெல்ட்டுக்கு மறைப்பு இருந்ததா, ஓரத்தில் அவசர நிறுத்தக் கயிறு வேலை செய்ததா, வாயு அளக்கும் கருவி யார் கையில் இருந்தது என்று அவருக்குத் தெரிந்ததையெல்லாம் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். இடது கையால் எழுதமுடியாவிட்டால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

கடைசியாக அந்த 10,000. கட்டாதீர்கள். உறுப்பினர் என்ற முறையில் துணைவிதியின் நகல், தணிக்கை செய்த கணக்கு, இந்தக் கூடுதல் பங்குக்குப் பொதுக்கூட்டம் போட்ட தீர்மானம், கம்பெனியோடு செய்த ஒப்பந்தம் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதுதான் கூட்டுறவு, ஒன்றரை வருடத்தில் அவரை ஒரு கூட்டத்துக்காவது அழைத்தார்களா என்று கேளுங்கள். லைசென்ஸ் கம்பெனி பேரில் இருக்கும்போது உறுப்பினர் பணத்தில் குடைகிற சுரங்கப்பாதை யாருக்குச் சொந்தம்? கம்பெனி ஒப்பந்தத்தை முறித்தால் சங்கத்தின் கையில் என்ன மிஞ்சும்? இந்தோனேசியாவில் 2020-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் சிறு சுரங்க அனுமதியைக் கூட்டுறவுச் சங்கத்தின் பேரிலேயே 10 ஹெக்டர் வரை தருகிறது, அங்கேயாவது காசு போடுகிறவருக்குக் கையில் ஒரு காகிதம் இருக்கும். விரிவாக்கத் திட்டத்தில் புதுக் காற்றாடிக்கும் இரண்டாவது வெளிவழிக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள், கரி வெட்டும் மெஷினுக்கு மட்டும்தான் என்றால் அதையும் ஜேகேகேபி புகாரோடு சேருங்கள்.

கணக்கைக் காட்ட மறுத்தால் மலேசியக் கூட்டுறவு ஆணையத்துக்கு எழுதலாம், ஏற்கெனவே போட்ட 5,000-ஐத் திரும்பப் பெறுவதும் அந்த வழியில்தான். ஆனால் விலகல் கடிதத்தை இப்போது கொடுக்கவேண்டாம். உறுப்பினராக இருக்கும்வரை கணக்கைக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. எல்லாமே உறுப்பினர் தகராறுதான், ஆணையத்துக்கு மட்டும் போங்கள் என்று சங்கம் உங்களைத் திருப்பிவிடப் பார்க்கும். சம்பளமும் விரலும் வேலைநீக்கமும் உறுப்பினர் தகராறு இல்லை, அவற்றுக்கு மேலே சொன்ன இடங்கள்தான். தொழில் உறவு இலாகாவுக்கு அனுப்பியதும், அவர்கள் முத்திரை போட்ட நகலைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், கம்பெனிக்கும் சங்கத்துக்கும் சேர்த்து அனுப்பவேண்டிய கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.