நல்ல மெஸ் வேண்டுமா? மெடிக்கல் ஷாப்பில் கேளுங்கள்

மருந்துக் கம்பெனி ரெப்பாகத் தென் மாவட்டங்களையும் கொங்குப் பகுதியையும் பைக்கிலேயே சுற்றியவர், வாசகர்களின் பயணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

நானும் நண்பனும் 150 சிசி பைக்கில் தனுஷ்கோடி போகிறோம். ஒரே நாளில் ராமேஸ்வரம் போய்விடலாம் என்கிறான் அவன். முடியுமா? வழியில் எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம்?
(கல்லூரி மாணவர், தாம்பரம்)

முடியும் தம்பி. விடிவதற்கு முன்னால் கிளம்பினால் பொழுது சாயும்போது பாம்பன் பாலத்தில் இருக்கலாம். ஆனால் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கோயில் பக்கத்துச் சந்துகளில் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்க உங்கள் நண்பன் தயாரா என்று கேளுங்கள். இருட்டியபிறகு ஹெல்மெட்டும் கையுமாக வந்து நிற்கிறவனுக்கு லாட்ஜ்காரர் சொல்வதுதான் வாடகை. பகல் மூன்று மணிக்குப் போனால் ரூமைப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் அடுத்த படி ஏறலாம். அந்தத் தெம்பு ராத்திரி வராது.

அதனால் முதல் நாள் திருச்சியோ புதுக்கோட்டையோ போதும். திருச்சியில் மத்தியப் பேருந்து நிலையத்தைச் சுற்றி எல்லா விலையிலும் லாட்ஜ் உண்டு. நான் புதுக்கோட்டைக் கட்சி. சின்ன ஊர், காலையில் நெரிசலில் மாட்டாமல் வெளியே வந்துவிடலாம்.

காலைச் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். செங்கல்பட்டு தாண்டியதிலிருந்து 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பித்தளை டபராவைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். எல்லாக் கடையிலும் டபரா ஒன்றுதான், டிக்காஷன் வேறு வேறு. இட்லி கேட்டால் ஆவி பறக்க வருகிறதா, கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, இந்த இரண்டும் இருந்தால் எனக்கு அது நல்ல கடை.

மதியமும் ராத்திரியும்தான் விசாரிக்க வேண்டியிருக்கும். தெரியாத ஊரில் நான் விசாரிப்பது மெடிக்கல் ஷாப்பில். தொழில் பாசம் என்று நினைக்காதீர்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓஆர்எஸ் பாக்கெட் வாங்க வருகிறவர்கள், எந்தக் கடையில் சாப்பிட்டோம் என்பதையும் புலம்பிவிட்டுத்தான் போவார்கள். ஊரில் எந்த ஓட்டல் எப்படி என்பது கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவருக்கு அத்துப்படி. ஆனால் கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. "இங்கே எது சார் நல்ல ஓட்டல்?" என்று கேட்டால் ஊரிலேயே பெரிய போர்டு உள்ள கடையைக் கை காட்டுவார். "உங்க கடைப் பசங்களுக்கு மதியம் சாப்பாடு எங்கேர்ந்து வருது?" என்று கேளுங்கள். போர்டே இல்லாத ஒரு மெஸ்ஸின் பெயர் வரும். மாடிப்படிக்கு அடியிலோ வீட்டு முன்கட்டிலோ நாலு மேஜை போட்டிருப்பார்கள். ஒரு மணிக்கு இலை போட்டு இரண்டரைக்கெல்லாம் குழம்பு தீர்ந்துவிடும். தீர்ந்துபோகிற கடையில் பழசு மிஞ்சாது. லாட்ஜுக்கும் இதே வழிதான். "ரெப்புங்க எந்த லாட்ஜ்ல தங்குவாங்க?" என்று கேட்டால் போதும். படுக்கை விரிப்பு மாற்றாத லாட்ஜில் நாங்கள் இரண்டாம் தடவை தங்குவதில்லை.

இரண்டாம் நாள் காரைக்குடி, தேவகோட்டை, ராமநாதபுரம் வழி. காரைக்குடியில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் கிடைத்தால் விடாதீர்கள். கிளம்புவதற்கு முன்னால் காலண்டரையும் பாருங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் ராமேஸ்வரத்தில் ரூம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்போது ராமநாதபுரத்திலேயே தங்கிவிட்டுக் காலையில் போய் வரலாம். கோயிலைச் சுற்றிப் பெரும்பாலும் சைவ ஓட்டல்கள்தான். மீன் சாப்பாடு வேண்டுமானால் பாம்பன் பக்கம் விசாரியுங்கள்.

தனுஷ்கோடியில் தங்க இடம் கிடையாது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அங்கே ஊரே திரும்பவில்லை. அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு 2017இல்தான் திறந்தார்கள். மாலையானால் போலீஸ் திருப்பி அனுப்பிவிடும். வழியில் மீனவக் குடும்பங்கள் ஓலைக் கொட்டகை போட்டு மீன் பொரித்துத் தருவார்கள். மசாலா தடவி அடுக்கி வைத்ததை விட்டுவிட்டு, முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள். கண் பளிச்சென்று இருந்தால் எடை, விலை பேசி, அதற்கப்புறம் மசாலா தடவச் சொல்லுங்கள். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அது அங்கே வழக்கம்தான்.

திரும்பி வந்ததும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது.

லாரிகள் நிற்கிற கடைதான் நல்ல கடை என்கிறார்களே, உண்மையா?
(வாசகர், ஓசூர்)

பாதி உண்மை. லாரியை நிறுத்த இடம், குளிக்கத் தண்ணீர், படுக்க ஒரு கயிற்றுக் கட்டில், தெரிந்த முகத்துக்குக் கடன். டிரைவர் அண்ணன்கள் இதையெல்லாம் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துகிறார்கள். ருசி அதற்கப்புறம். பஸ் நிற்கிற மோட்டல் என்றால் பாதிகூட இல்லை. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் உள்ளே தனி மேஜை, தனிக் குழம்பு. அதைக் கொண்டுவந்து நமக்குப் போட மாட்டார்கள்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் நெடுஞ்சாலையில் பசித்தால் கண் முன்னால் கல்லில் வேகிறதை மட்டும் கேளுங்கள். தோசை, ஆம்லெட், பரோட்டா. தேங்காய்ச் சட்னியை ஒதுக்கிவிட்டுப் பொடியும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளுங்கள். சாயங்காலம் அரைத்த சட்னி வெயில் காலத்தில் பத்து மணிக்குப் புளித்துத்தான் இருக்கும்.

நான் ஸ்கூட்டரில் தனியாகப் பயணம் போகிறவள். கொல்லிமலை போக ஆசை. தனியாக வரும் பெண்ணுக்கு ரூம் தருவார்களா? மேலே தங்கலாமா?
(வாசகி, ஈரோடு)

தருவார்கள். சில லாட்ஜ்களில் 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று இழுப்பார்கள். அங்கே வாதாடி ஜெயித்து ரூம் வாங்குவதில் பிரயோஜனமில்லை சகோதரி, அடுத்த லாட்ஜுக்குப் போய்விடுங்கள்.

மேலே தங்குவதைவிட நாமக்கல்லில் தங்குவதைத்தான் சொல்வேன். ஆஞ்சநேயரைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருகிற ஊர் என்பதால் நல்ல லாட்ஜ்கள் இருக்கின்றன. காலையில் டேங்கை நிரப்பிக்கொண்டு சேந்தமங்கலம், காரவள்ளி வழியாக ஏறுங்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்கூட்டர் தாராளமாக ஏறும். இறங்கும்போதுதான் கவனம் வேண்டும், கியர் இல்லாத வண்டியில் பிரேக் சூடேறிவிடும். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி ஆற விடுங்கள். மலையிலிருந்து மூன்று மணிக்கே புறப்பட்டால் வெளிச்சத்திலேயே கீழே வந்துவிடலாம்.

மேலே செம்மேட்டில் சின்ன ஓட்டல்கள் உண்டு. முடவாட்டுக்கால் சூப் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு விற்பார்கள். ஆட்டுக்கால் இல்லை, கிழங்கு. பார்க்க ரோமம் மூடிய ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். தோலைச் சீவி, இடித்து, மிளகு சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துத் தருவார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்பது அவர்கள் சொல்வது. மருந்து விற்ற வாயால் நான் அதற்கு உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் அந்தக் குளிரில் தொண்டைக்கு இதம்.

ரூம் விஷயத்தில், எங்கள் லைனில் இருந்த பெண் ரெப்புகள் கடைப்பிடித்த சில வழக்கங்கள். அசல் ஆதார் கையில் இருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்னால் ரூமைப் பார்த்து, உள்தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பார்ப்பார்கள். கடைசி மாடி கடைசி ரூமை வாங்க மாட்டார்கள், படிக்குப் பக்கத்து ரூம்தான். அப்புறம், ரிசப்ஷனில் நின்றபடியே வீட்டுக்குப் போன் போட்டு லாட்ஜ் பெயரையும் ரூம் நம்பரையும் மேனேஜர் காதில் விழுகிற மாதிரி சொல்வார்கள்.

விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவா, செங்கோட்டை பார்டர் பரோட்டாவா? பைக் பயணத்தில் எது சரி?
(வாசகர், கோவை)

இரண்டும் சரி, வண்டிச் சாவியை லாட்ஜ் ஆணியில் மாட்டிவிட்டுப் போனால்!

விருதுநகர்க் கல்லைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அகலமான கல்லில் எண்ணெய் தளதளவென்று நிற்கும். தட்டிய பரோட்டா அதில் கிடந்து பொரிந்து, ஓரம் பொன்னிறமானதும் வடித்து எடுப்பார்கள். இலையில் விழும்போதே சத்தம் கேட்கும். உடனே பிய்த்துப்போட்டு, மேலே சால்னா ஊற்றி, மேல் பக்கம் ஊறி அடிப்பக்கம் மொறுமொறுவென்று இருக்கிற அந்த ஒரு நிமிஷத்தில் சாப்பிட வேண்டும். பேசிக்கொண்டிருந்தால் போச்சு.

பார்டர் பரோட்டா வேறு ரகம். செங்கோட்டைக்குப் பக்கம் பிரானூரில் கேரளா போகிற வழியில் கடைகள். பரோட்டா சின்னது, மெத்தென்று இருக்கும். கூட நாட்டுக்கோழியோ மிளகுக் கோழியோ சேர்த்துக் கணக்கு தெரியாமல் உள்ளே போகும். நாக்கைக் கேட்டால் எனக்கு விருதுநகர்தான். ஊரைக் கேட்டால் பார்டர், சாரல் மழையில் சூடாகச் சாப்பிடுகிற சுகம் வேறெங்கும் வராது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சீசன், கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் சீசன். இரண்டிலும் அங்கே ரூம் வாடகை ஏறிவிடும். தென்காசியில் தங்குங்கள்.

மதியம் இதைச் சாப்பிட்டுவிட்டு நாலுவழிச் சாலையில் ஏறினால் கண் சொக்கும். பகலில் தயிர் சாதத்துக்கு மேல் நான் போனதில்லை.

மசினகுடிப் பக்கம் காட்டுக்குள் டென்ட் போட்டுத் தங்க வைக்கிறோம் என்று விளம்பரம் பார்த்தோம். ஐந்து பைக்கில் போகலாமா?
(வாசகர், சேலம்)

அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் போகாதீர்கள். மசினகுடியை ஒட்டிய சீகூர் பக்கம் யானை வழித்தடம். அதில் கட்டியிருந்த ரிசார்ட்டுகளைக் காலி செய்யச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவ்வளவு பெரிய வழக்கு நடந்த இடத்தில் நாலு டென்ட்டும் ஒரு கேம்ப் ஃபயரும் சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்புதான். மாட்டினால் டென்ட்காரர் போனை எடுக்க மாட்டார்.

கர்நாடகப் பக்கம் பந்திப்பூர் காட்டு வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்து கிடையாது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு வரும் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவுகள், வெளியூர் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. கூடலூர் வழியாகவே போங்கள். நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, கிளம்புவதற்கு முன்னால் போனிலேயே எடுத்துவிடலாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை, ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கூடலூரில் லாட்ஜ் எடுத்துத் தங்கினால் காட்டைப் பகலில் பார்க்கலாம், ராத்திரி தூங்கலாம்.

பெங்களூரு - மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் பைக்கை விடுவதில்லையாமே? மைசூரு பயணத்தைக் கைவிட வேண்டியதுதானா?
(வாசகி, கிருஷ்ணகிரி)

எதற்குக் கைவிட வேண்டும்? 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோவெல்லாம் மெயின் ரோட்டில் போகக் கூடாது, சர்வீஸ் ரோடும் பழைய ரோடும்தான். நேரம் கூடுதலாகும். ஆனால் காரில் போகிறவர்கள் ஊருக்கு வெளியே பறந்துவிடுகிறார்கள், நமக்குத்தான் பிடதி தட்டு இட்லியும் மத்தூர் வடையும் வழியிலேயே கிடைக்கும். பிடதியில் தட்டு இட்லி மேல் வெண்ணெய் வைத்துத் தருவார்கள். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.

லாட்ஜில் பைக்கை எங்கே விடுவது? ராத்திரி பெட்ரோல் திருடிவிடுகிறார்களே!
(வாசகர், திண்டுக்கல்)

ரூம் வாடகை பேசுவதற்கு முன்னால், "வண்டியை உள்ளே ஏத்திக்கலாமா?" என்று கேளுங்கள். சின்ன லாட்ஜ்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் வராந்தாவிலேயே நிறுத்த விடுவார்கள். வாட்ச்மேன் அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, காலையில் எத்தனை மணிக்குக் கதவு திறப்பார் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்குக் கிளம்ப நினைத்து, உள்ளே பூட்டிய வண்டியோடு ஏழு மணி வரை உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படியே, '24 மணி நேரக் கணக்கா, 12 மணி செக் அவுட்டா?' என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ராத்திரி ஒன்பதுக்கு ரூம் எடுக்கிறவருக்கு அதில் அரை நாள் வித்தியாசம் வரும்.