எடை குறைப்பு: எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது?

கே: என் ஹேட்ச்பேக்கில் 14 அங்குல இரும்பு வீல். 16 அங்குல அலாய் போட்டால் வண்டி லேசாகி பிக்கப் கூடும் என்கிறார் கடைக்காரர். உண்மையா? – ஆர்.எஸ்., ராணிப்பேட்டை

ப: முதலில் இரண்டையும் தராசில் ஏற்றிப் பாருங்கள். மலிவு விலை வார்ப்பு அலாய் பல சமயம் இரும்பு வீலைவிடக் கனமாக இருக்கும். வார்ப்பில் நுண்துளைகள் விழும் என்பதால் உலோகத்தைத் தடிப்பாக விட்டே ஊற்றுவார்கள். நிஜமாகவே லேசு வேண்டுமென்றால் ரிம்மை உருட்டி மெலிதாக்கிய ஃப்ளோ ஃபார்மிங் வகை. காசு இருந்தால் ஃபோர்ஜ்டு, அதாவது வார்க்காமல் பெரும் அழுத்தத்தில் உருவாக்கியது. தவிர, ரிம் பெரிதானால் கனம் அச்சைவிட்டு வெளியே தள்ளிப் போகிறது. சுழற்சிக்கு எதிரான மந்தம் ஆரத்தின் இருமடியில் ஏறும். ஆக, எடை ஏறாவிட்டாலும் பிக்கப் அடிவாங்கும்.

15 அங்குலம் போதும். 165/80 ஆர்14 டயரின் வெளிவிட்டம் சுமார் 620 மி.மீ., 185/65 ஆர்15 சுமார் 621 மி.மீ. ஸ்பீடோமீட்டர் மாறாது. பக்கச்சுவர் 120 மி.மீ. இருப்பதால் சர்வீஸ் ரோட்டுப் பள்ளங்களையும் தாங்கும். பி.சி.டி. (நட்டுத் துளைகள் அமையும் வட்டத்தின் விட்டம்), ஆஃப்செட் (ஹப்பில் உட்காரும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தூரம்), நடுத்துளை மூன்றும் பொருந்த வேண்டும். நடுத்துளை பெரிதென்றால், அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் என்ற வளையம் இல்லாமல் மாட்டாதீர்கள். வீல் மையம் விலகி உட்கார்ந்து, வேகமெடுத்ததும் ஸ்டீயரிங் உதறும். பேலன்சிங் செய்து செய்து காசுதான் கரையும். அந்த அலாய்க்கு உரிய நட்டையே போட்டு, மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

கே: கல்லூரிப் பந்தயக் காரின் சேசியில் எடை குறைக்க வேண்டும். மைல்ட் ஸ்டீலை விட்டு குரோமோலிக்கு மாறலாமா, இல்லை அலுமினியமா? – கே.எம்., காட்பாடி

ப: குழாயின் அளவை மாற்றாமல் குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) வாங்கினால் பணம்தான் குறையும். அதன் அடர்த்தியும் மைல்ட் ஸ்டீலின் அடர்த்தியும் ஒன்றே, கன செ.மீ.க்குச் சுமார் 7.85 கிராம். வளையும் விறைப்பும் ஒன்றே, சுமார் 210 ஜிகாபாஸ்கல். உடையும் வலிமைதான் கூடும்.

குழாயின் வடிவத்தில் கை வையுங்கள். 25 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. சுவர் உள்ள குழாய் மீட்டருக்கு 1.39 கிலோ. 32 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. சுவர் என்றால் 1.13 கிலோதான், வளைவு விறைப்போ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 20 மீட்டர் குழாயில் 5 கிலோ மிச்சம். ரோல் ஹூப் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் வளையம்) போன்ற இடங்களில் போட்டி விதிகள் சொல்லும் குறைந்தபட்சச் சுவருக்குக் கீழே போக முடியாது, அவற்றை விட்டுவிடுங்கள். சுவர் மெலிந்தால் வெல்டிங்கில் ஓட்டை விழும். டிக் வெல்டிங், குறைந்த ஆம்பியர், குழாய் முனையை இடைவெளி தெரியாமல் அராவிப் பொருத்துதல் மூன்றும் கட்டாயம். சஸ்பென்ஷன் பிடிகளைக் குழாயின் நடுவில் வைக்காமல் குழாய்கள் கூடும் முடிச்சில் வையுங்கள். சதுரமாக விட்ட சட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலைவிட்டக் குழாய் வேண்டும்.

அலுமினியத்தின் அடர்த்தி 2.7, இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான், சுமார் 70 ஜிகாபாஸ்கல். ஆகவே 0.7 மி.மீ. இரும்புத் தகட்டுக்கு ஈடாக வளையாமல் நிற்க 1 மி.மீ. அலுமினியம் வேண்டும், எடை பாதியாகும், மூன்றில் ஒன்றாகாது. மேலும் 6061-டி6 என்ற அலுமினிய ரகத்தை வெல்டு செய்தால் அந்த இடத்தின் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸில் வெல்டிங்கைத் தவிர்த்து, அலுமினியப் பெட்டிக் குழாய்களை எபாக்ஸி என்ற பிசினால் ஒட்டினார்கள். ஒட்டு உரிந்து வராமல் கூடுதல் பிடிப்பும் உண்டு. சேசி 68 கிலோதான். ஒட்டும் முன் மேற்பரப்பைப் பதப்படுத்துவதில்தான் முழு வேலையும் இருக்கிறது. கல்லூரிப் பட்டறையில் அதற்கு வசதி இல்லையென்றால் ஸ்டீலோடு நில்லுங்கள்.

கே: பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா? – வாசகர், குடியாத்தம்

ப: வேண்டாம். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52-இல் சிக்கும். முன்சக்கர இழுவை வண்டிக்குப் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. இன்னும் குறைத்தால் ஏலகிரி வளைவுகளில் மழையில் பிரேக் போடும்போது வால் வீசும். டிக்கியில் சும்மா கிடக்கும் சாமான்களை இறக்குங்கள்.

கே: கார்பன் ஃபைபர் பானெட் மாட்ட ஆசை. நம்மூர் வெயிலுக்குத் தாங்குமா? – எஸ்.வி., ஆம்பூர்

ப: எப்படிச் செய்தது என்பதைப் பொறுத்தது. கையால் ரெசின் தடவி அறை வெப்பத்தில் இறுகவிட்டதென்றால், அந்த எபாக்ஸி 60, 70 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கலாம். மே மாத வேலூர் வெயிலில் நிற்கும் கறுப்புப் பரப்பு அந்தச் சூட்டை எட்டிவிடும், கீழே இன்ஜின் சூடு வேறு. நெசவின் தடம் மேலே தெரியும், பானெட் தொய்யும். இறுகியபின் படிப்படியாக 80 டிகிரிக்கு ஏற்றிப் பதப்படுத்தியதா என்று கேளுங்கள். ஆட்டோகிளேவ் என்ற அழுத்த அடுப்பில் 120 டிகிரிக்கு மேல் வெந்த ப்ரீப்ரெக் (முன்பே ரெசின் ஊறவைத்த துணி) என்றால் கவலை இல்லை. புற ஊதாக்கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் இல்லாதது மஞ்சளடிக்கும்.

வாங்கும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே ஒரு அடுக்கு கார்பன், கீழே முழுக்க கண்ணாடி இழை என்பது வழக்கமான சரக்கு. கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப் போகும். கீல் பிடிக்கும் இடத்தில் கண்ணாடி இழைத் துணி ஒரு அடுக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் வையுங்கள். பழைய லாட்ச்சை மட்டும் நம்பாமல் இரண்டு பானெட் பின் போடுங்கள். லாட்ச் கொக்கி பிய்ந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் பானெட் கண்ணாடியில் வந்து அறையும்.

கே: பக்கவாட்டில் இடிபட்டு நடுத்தூண் உள்ளே வளைந்துவிட்டது. கேஸ் வைத்துச் சூடாக்கி இழுத்துவிடலாம் என்கிறார் டிங்கரிங் மேஸ்திரி. – வாசகர், வாணியம்பாடி

ப: விடாதீர்கள். இப்போதைய பல கார்களில் அந்தத் தூண் போரான் ஸ்டீல். தகட்டை 900 டிகிரிக்குச் சூடாக்கி, குளிர்ந்த அச்சில் அழுத்திச் சட்டென ஆறவைப்பதால் சுமார் 1,500 மெகாபாஸ்கல் வலிமை வருகிறது. அதனால்தான் மெல்லிய தகடே போதுமானதாகி எடை குறைகிறது. டார்ச் பட்டதும் அந்தப் பதம் போய்விடும். பெயின்ட் அடித்தபின் வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த இடியில் தூண் சீட்டுக்கே வரும். தயாரிப்பாளர் குறித்துள்ள இணைப்பில் வெட்டிப் புதுத் தூண்தான் மாற்ற வேண்டும். ஸ்பாட் வெல்டை எடுக்க கார்பைடு கட்டர் தேவை, சாதாரண டிரில் வழுக்கும். இன்ஷூரன்ஸ் சர்வேயரின் மதிப்பீட்டில் 'ரிப்பேர்' என்றில்லாமல் 'மாற்றுதல்' என்று எழுதியிருக்கிறதா என வேலை தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.