உடற்பயிற்சி ஸ்டுடியோ ஆசிரியர்களுக்கு வகுப்பு வசூலில் பங்கு கொடுப்பது சரியா?

கேள்வி: கோலாலம்பூரில் சிறிய யோகா, ஸும்பா ஸ்டுடியோ ஒன்றைத் தொடங்குகிறேன். ஆசிரியர்களுக்கு நிலையான தொகை எதுவும் வைக்காமல், அந்தந்த வகுப்பில் வசூலாகும் பணத்தில் 40 சதவீதம் கொடுக்கலாமா?

பதில்:

வசூலில் பங்கு மட்டும் என்று வைக்காதீர்கள். ஓர் அடிப்படைத் தொகையை உறுதி செய்துவிட்டு, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று சேர்த்துக் கொடுங்கள். பங்கு வாங்கிய ஆசிரியராகவும் இருந்திருக்கிறேன், இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் கடைவீட்டு மாடி ஒன்றில் ஸ்டுடியோ நடத்தி நான்கு பேருக்குச் சம்பளமும் கொடுக்கிறேன்.

முன்பு வேறொரு ஸ்டுடியோவில் மூன்று ஆண்டுகள் 40 சதவீதத்துக்குத்தான் யோகா சொல்லிக்கொடுத்தேன். செவ்வாயும் வியாழனும் இரவு 7 மணி வகுப்பு. மாலை 5 மணிக்கு மழை பிடித்துக்கொண்டால் ஃபெடரல் நெடுஞ்சாலை நகராது. பதினான்கு பேர் பதிந்திருப்பார்கள், நான்கு பேர் வந்து சேர்வார்கள். நோன்பு மாதத்தில் ஏழு, ஏழரை என்பது நோன்பு துறக்கும் நேரம். மலாய்த் தோழிகள் எப்படி வருவார்கள்? நேரத்தை மாற்றித் தரும்படி கேட்டேன், மாற்றவில்லை. ஓர் இரவு இரண்டே பேருக்கு முழு வகுப்பும் எடுத்துவிட்டு 22 வெள்ளியோடு (ரிங்கிட்) கிளம்பினேன். வீட்டுக்குக் கிராப் வாடகைக் கார் 18 வெள்ளி. நேரம், விலை, விளம்பரம் எல்லாம் முதலாளி முடிவு செய்கிறார், ஆள் குறைந்தால் இழப்பு மட்டும் ஆசிரியருக்கு. இது நியாயமில்லை என்று அன்று தோன்றியது, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சரி, நியாயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும் சிக்கல்தான். ஒரு வகுப்பின் வசூல் என்று எதைச் சொல்வீர்கள்? ஒருவர் அன்றைய வகுப்புக்கு மட்டும் 35 வெள்ளி கட்டுகிறார். இன்னொருவர் பத்து வகுப்புகளுக்கு 250 வெள்ளி கட்டியவர், அவருடைய தலைக்கு 25. மூன்றாமவர் மாதம் 180 வெள்ளி கட்டி எத்தனை முறை வேண்டுமானாலும் வருபவர். அவர் பன்னிரண்டு முறை வந்தால் ஒரு வருகை 15 வெள்ளி, மூன்றே முறை வந்தால் 60 வெள்ளி. விடாமல் வருகிற மாணவரைப் பெற்ற ஆசிரியருக்குக் குறைவாகவும், எப்போதாவது எட்டிப்பார்ப்பவரைப் பெற்றவருக்கு அதிகமாகவும் போகும். கிளாஸ்பாஸ் என்ற வகுப்பு முன்பதிவுச் செயலி வழியாக வருபவருக்கு என் கைக்கு வருவது நேரடி விலையைவிடக் குறைவு. முதல் வகுப்பு இலவசம் என்று நீங்களே அறிவித்தால் அந்தத் தலைக்கு வசூலே கிடையாது, ஆனால் புதிதாக வந்தவரிடம்தான் ஆசிரியர் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கும். காலாவதியான பத்து வகுப்பு அட்டையில் மிச்சமிருக்கும் பணம் யாருடையது?

நானும் முதலில் சதவீதத்தில்தான் ஆரம்பித்தேன். இரண்டாம் மாதமே ஓர் ஆசிரியை கேட்டார்: "அக்கா, போன வாரமும் பன்னிரண்டு பேர், இந்த வாரமும் பன்னிரண்டு பேர். அப்புறம் ஏன் நாற்பது வெள்ளி குறையுது?" கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதை அவருக்கு விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது, அதற்குப் பிறகும் அவர் முகம் தெளியவில்லை. அன்றே மாற்றினேன்.

இப்போது என் முறை இது. ஒரு வகுப்புக்கு 70 வெள்ளி, ஐந்து பேர் வரை இதே தொகை. ஆறாவது ஆளிலிருந்து தலைக்கு 6 வெள்ளி. பன்னிரண்டு பேர் வந்தால் 112, அறை நிறைந்து பதினாறு பேர் என்றால் 136. இலவசமாக வந்தவரும் ஒரு தலைதான், சலுகை என் விளம்பரச் செலவு. என் எல்லா விலைகளையும் கலந்து பார்த்தால் ஒரு வருகைக்குச் சராசரியாக 22 வெள்ளி வருகிறது. பன்னிரண்டு பேருக்கு 264 வெள்ளி, அதில் ஆசிரியருக்கு ஏறக்குறைய 42 சதவீதம். நீங்கள் நினைத்த 40-க்கு அருகில்தான் நிற்கிறது. மூன்று பேர் வந்த நாளில் எனக்கு 66 வெள்ளி வரும், கொடுப்பது 70. அந்த நஷ்டம் என்னுடையது, ஏனென்றால் அட்டவணை போட்டது நான். வகுப்பு தொடங்க மூன்று மணி நேரம்கூட இல்லாதபோது அதை ரத்து செய்தால் பாதித் தொகை கொடுத்துவிடுகிறேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறிவிட்டவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப மனம் வராது.

சதவீதம் கொடுத்தால் ஆசிரியர் ஊழியர் ஆகமாட்டார் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள 1955 வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தில் 101சி என்ற பிரிவு இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது, வேலை நேரத்தையும் முறையையும் நீங்கள் கட்டுப்படுத்துகிறீர்களா, கருவிகளை நீங்கள் கொடுக்கிறீர்களா, அவர் வருமானத்தின் பெரும்பகுதி உங்களிடமிருந்து வருகிறதா என்பன போன்றவற்றைப் பார்த்து அவரை ஊழியர் என்றே கருதலாம். அப்படியானால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) இரண்டும் உண்டு. மாதம் 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்கும், 60 வயதுக்கு உட்பட்ட மலேசியருக்கு முதலாளியின் இபிஎஃப் பங்கு 13 சதவீதம். தொடங்கும் முன்பே இதைக் கணக்கில் சேர்த்து, ஒப்பந்தத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வசூல் பங்கு பொருந்தும் இடம் ஒன்று உண்டு. ஆசிரியரே தேதியும் விலையும் குறித்து, தன் மாணவர்களைத் தானே அழைத்துவந்து நடத்தும் ஞாயிற்றுக்கிழமைப் பயிலரங்கு. அதற்கு அவருக்கு 70 சதவீதம், எனக்கு 30 சதவீதம் என்று பிரிக்கிறோம். அங்கே முடிவுகள் அவருடையவை, அறையும் விளக்கும் பாயும்தான் என்னுடையவை.

உங்கள் தொகையை முடிவு செய்ய, நோன்பு மாதத்தையும் சீனப் புத்தாண்டு வாரத்தையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்த வாரங்களிலும் வாடகை கட்டி, அடிப்படைத் தொகையும் கொடுக்க முடியாது என்றால், அட்டவணையில் வகுப்புகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஆசிரியரின் தொகையில் கை வைக்காதீர்கள்.