ஒட்டுக் கத்தரியின் விதையில் சுண்டை ஏன் வரவில்லை?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் அரை ஏக்கரில், சுண்டை வேரில் ஒட்டிய கத்தரி போட்டேன். வாடல் நோய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கன்று விலை கட்டுப்படியாகாததால், அந்தச் செடியிலேயே ஒரு நல்ல காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்து நாற்று விட்டேன். பூக்கிற நேரத்தில் பாதிச் செடிகள் பச்சையாகவே தொங்கிவிட்டன. கத்தரி, சுண்டை, தக்காளி எல்லாவற்றுக்கும் 24 குரோமோசோம்தான் என்கிறாள் வேளாண்மை படிக்கும் மகள். அப்புறம் ஏன் சுண்டையையும் கத்தரியையும் கலந்து விதையாகவே தரக்கூடாது?

பதில்: ஐயா, முதலில் அந்த விதை விஷயம். ஒட்டுக் கட்டினால் தண்ணீரும் சத்தும் மேலே ஏறும், மரபணு கலக்காது. பூவும் காயும் மேலே இருக்கும் கத்தரியுடையவை, ஆகவே விதையும் வெறும் கத்தரிதான். நோயைத் தாங்கிய வேரைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

மகள் சொன்ன கணக்கு சரி. மிளகாய்க்கும் அதே 24தான். மரபணுக்களும் பெரும்பாலும் ஒத்தவை. மிளகாயின் மரபுத்தொகுதி, அதாவது எல்லாக் குரோமோசோம்களிலும் உள்ள மொத்த மரபுப்பொருள், தக்காளியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு பெரிது. ஆனால் இரண்டிலும் மரபணுக்கள் சுமார் 35,000. கூடுதலாக இருப்பதில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். பட்டாவில் ஏக்கர் கூடினாலும் உழுகிற நிலம் அதேதான் என்பது மாதிரி.

வித்தியாசம் குரோமோசோமில் மரபணுக்கள் நிற்கும் அடுக்கில் இருக்கிறது. மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று வரிசையாகக் கட்டிய சரத்தில் நடுவே ஒரு சாண் அறுத்து, திருப்பி வைத்துக் கட்டிவிட்டால் பூ அதேதான், வரிசை மாறிவிடும். தக்காளிக்கும் உருளைக்கும் இப்படித் திரும்பிய பெரிய துண்டுகள் ஐந்து என்று 1992 வாக்கிலேயே கண்டார்கள். தக்காளியையும் கத்தரியையும் ஒப்பிட்டு 2002-இல் வந்த மரபணு வரைபடத்தில் 28 மாற்றங்கள்: 23 இடத்தில் துண்டு திரும்பியிருக்கிறது, 5 இடத்தில் ஒரு குரோமோசோமின் துண்டு இன்னொன்றில் போய் ஒட்டியிருக்கிறது.

இதனால் என்ன கெடுகிறது? கலப்புச் செடி மகரந்தம் உண்டாக்கும்போது, தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் தலைமாடு கால்மாடு பார்த்து ஒட்டிப் படுக்க வேண்டும். ஒரு துண்டு திரும்பியிருந்தால் அந்த இடத்தில் வளையம் போட்டுத்தான் ஒட்ட முடியும். வளையத்துக்குள் இரண்டும் துண்டு மாற்றிக்கொண்டால், சில மரபணுக்கள் இரட்டிக்கும், சில விட்டுப்போகும். மகரந்தம் சொத்தையாகிவிடும். 1978-இல் ஜெர்மனியில் தக்காளி, உருளை செல்களை இணைத்தே ஒரு செடி உண்டாக்கினார்கள். முளைக்கும் விதை கிடைக்கவில்லை. சுண்டை, கத்தரிக் கலப்பிலும் அரிதாகக் கிடைக்கும் செடி பெரும்பாலும் மலடுதான். அடுக்கு மட்டுமே காரணமில்லை. பல நேரம் கருவே வளராமல் நின்றுவிடும்.

முடியவே முடியாது என்றும் சொல்லமாட்டேன். தக்காளியில் வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் 'மி' மரபணு, 1940-களில் ஒரு காட்டுத் தக்காளியிலிருந்து வந்தது. கலப்பில் விதை தேறாததால் இளங்கருவைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அந்த மரபணு சரியாக வேலை செய்யாது. ஆகவே 'நூற்புழு தாங்கும் ரகம்' என்ற பாக்கெட்டை நம்பி சித்திரையில் நடாதீர்கள்.

ஒப்பீட்டு வரைபடத்தின் உண்மையான லாபம் வேறு. கத்தரியில் காய் எடை, வடிவம், நிறம் போன்ற குணங்களுக்கான இடங்களில் பல, தக்காளியிலும் மிளகாயிலும் அதற்கு ஒத்த இடத்திலேயே இருக்கின்றன. தக்காளியில் கண்டுபிடித்ததை வைத்து, கத்தரியில் எந்த மூலையில் தேடுவது என்று தெரிந்துகொள்ளலாம். அது ரகம் உருவாக்குபவர்களுக்கு. நமக்கு இப்போதைக்கு ஒட்டுதான்.

செலவைக் குறைக்க நீங்களே கட்டலாம். சுண்டை விதை சோம்பேறி, மெதுவாகத்தான் முளைக்கும். கத்தரிக்குச் சில வாரங்கள் முன்னதாகவே குழித்தட்டில் விடுங்கள். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். புதைந்தால் கத்தரியே வேர்விட்டு நோயை வாங்கிக்கொள்ளும். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் சுண்டைத் துளிரை விரலாலேயே கிள்ளிவிடுங்கள்.

அதற்கு முன், வாடிய செடி ஒன்றின் அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டு வாயிலிருந்து பால்போல இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். இறங்காவிட்டால் வேரைக் கழுவி நூற்புழு முடிச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.