சர்க்கரை மாத்திரை கேன்சருக்கு உதவுமா? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஆறு இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து இப்போது ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரை நோய் கிடையாது. மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையும் இரவும் கொடுத்தால் கேன்சர் திரும்ப வராது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. விலையும் குறைவு, பக்க விளைவும் இல்லையாமே. கொடுக்கலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: வேண்டாம். உங்கள் அம்மாவைப் போன்றவர்களிடமே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கனடா, அமெரிக்கா, பிரிட்டன், சுவிட்சர்லாந்து நாடுகளில் சர்க்கரை நோய் இல்லாத 3,649 மார்பகப் புற்றுநோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின் 850 மி.கி. தினம் இரு வேளை, மற்றதற்கு மருந்தில்லாத போலி மாத்திரை என்று ஐந்தாண்டு கொடுத்தார்கள். முடிவு 2022-ல் வெளியானது. ஹார்மோன் வகை நோய் இருந்த 2,533 பேரில் நோய் திரும்பியது, புதிய கேன்சர் வந்தது, இறந்தது எல்லாவற்றையும் கூட்டினால், நூறு பேருக்கு ஓராண்டில் மெட்ஃபார்மின் பிரிவில் 2.78, போலி மாத்திரைப் பிரிவில் 2.74. ஹார்மோன் வகை அல்லாதவர்களுக்குப் பலன் தெரியாததால் அவர்கள் பகுதியை 2016-லேயே நிறுத்திவிட்டார்கள். ‘ஹெர்2’ என்ற புரதம் மிகுந்த வகையில் மட்டும் சிறு சாதகம் போல் ஒன்று தெரிந்தது. அது துணைக் கணக்கில் கிடைத்தது. அதை நம்பி மருந்து எழுத முடியாது.

ஆனாலும் அந்த வாட்ஸ்அப் செய்தி முழுக்கக் கட்டுக்கதை என்று சொல்லிவிட முடியாது. 2005-ல் ஸ்காட்லாந்தில் சர்க்கரை நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்தபோது, மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களிடம் கேன்சர் குறைவாக இருந்தது. செல்லுக்குள் சக்தி தயாராகும் இடமான மைட்டோகாண்ட்ரியாவை இந்த மருந்து கொஞ்சம் மந்தப்படுத்துகிறது. ரத்தத்தில் இன்சுலினையும் குறைக்கிறது. இரண்டுமே கேன்சர் செல்லின் வளர்ச்சியைத் தடுக்கலாம் என்று எதிர்பார்த்ததில் தவறில்லை.

எங்கே சறுக்கியது? முதலாவது, அளவு. ஆய்வுக்கூடத் தட்டில் செல்களைக் கொன்ற பல சோதனைகளில் ஊற்றிய மருந்தின் செறிவு, மாத்திரை சாப்பிடும் மனிதரின் ரத்தத்தில் சேர்வதைப் போல நூறு மடங்குக்கும் மேல். அந்த அளவை வாய்வழியாக எட்டப் பார்த்தால் நோயாளி தாங்கமாட்டார். இரண்டாவது, பதிவேட்டுக் கணக்கு. நோய் தெரிந்து இரண்டு வருடம் கழித்து மெட்ஃபார்மின் தொடங்கிய ஒருவரை முதல் நாளிலிருந்தே ‘மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்’ பட்டியலில் எழுதினால், அந்த இரண்டு வருடத்தில் அவர் இறந்திருக்கவே வழியில்லை. இறந்திருந்தால் பட்டியலுக்கே வந்திருக்கமாட்டார். அந்த ஆயுளை மருந்தின் வரவில் எழுதிவிடுகிறோம். பழைய ஆய்வுகள் பலவற்றில் இந்தப் பிழை இருந்ததை மான்ட்ரியால் ஆய்வாளர்கள் 2012-ல் எடுத்துக் காட்டினார்கள். போதாததற்கு, கிட்னி கெட்டவர்களுக்கும் நோய் முற்றியவர்களுக்கும் மெட்ஃபார்மினை விட்டு இன்சுலின் போடுவதே வழக்கம். ஆக, மெட்ஃபார்மின் பக்கம் தொடக்கத்திலேயே தெம்பானவர்கள் சேர்ந்துவிடுகிறார்கள்.

மற்ற கேன்சர்களிலும் இதே கதைதான். கணையப் புற்றுநோயில் கீமோவோடு சேர்த்துக் கொடுத்ததில் பலன் இல்லை (2015). நுரையீரலில் கரண்டு வைத்தியத்தோடு (கதிர்வீச்சு) சேர்த்த இரண்டு ஆய்வுகள் 2021-ல் வந்தன: ஒன்றில் பலன் இல்லை, 54 பேர் மட்டுமே இருந்த இன்னொன்றில் மெட்ஃபார்மின் பிரிவின் நிலை மோசமாகவே இருந்தது. பரவிய புரோஸ்டேட் புற்றுநோயில் 1,800-க்கும் மேற்பட்டவர்களோடு பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் நடத்திய ஆய்வில் (2025) ஆயுள் கூடியதாக நிரூபணமாகவில்லை. ஹார்மோன் ஊசியால் ஏறும் எடையும் சர்க்கரையும் மட்டும் கொஞ்சம் கட்டுப்பட்டன.

பக்க விளைவு இல்லை என்பதும் சரியல்ல. வயிற்றுப்போக்கு, குமட்டல், வாயில் உலோகச் சுவை, பசி குறைவு எல்லாம் வரும். சிகிச்சை முடிந்து உடம்பு தேற வேண்டிய ஒருவருக்குப் பசியைக் குறைக்கும் மருந்தை எதற்குக் கொடுக்க வேண்டும்? உங்கள் அம்மா ஹார்மோன் மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். நோய் திரும்பாமல் தடுக்கும் என்று நிரூபணமான மாத்திரை அதுதான்.

கேள்வி: அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் 1,000 மி.கி. இரு வேளை. இப்போது பெருங்குடல் புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றி, கேப்சிடாபின் மாத்திரையும் தருகிறார்கள். மெட்ஃபார்மினைத் தொடரலாமா? கீமோ ஏற்றிய நாளில் சாயங்காலம் சர்க்கரை 350 காட்டுகிறது, காலையில் பார்த்தால் 120. மெஷின் கோளாறா?
- வாசகர், ஆற்காடு

பதில்: மெஷின் சரியாகத்தான் சொல்கிறது. வாந்தி வராமலிருக்கக் கீமோவுக்கு முன் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போடுகிறார்கள். காலையில் போட்டால் மதியத்திலிருந்து இரவு வரை சர்க்கரை எகிறும், விடியும்போது இறங்கிவிடும். வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. கீமோ நாளிலும் அடுத்த இரண்டு மூன்று நாட்களிலும் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று என்று பார்த்துத் தேதி, நேரத்தோடு எழுதி எடுத்துப் போங்கள். இந்த ஏற்றத்துக்கு மெட்ஃபார்மின் மட்டும் போதாது. அந்த நாட்களுக்கு மட்டும் காலையில் இன்சுலின் எழுதுவார்கள். ஸ்டீராய்டு நின்றதும் இன்சுலினையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலாம் நாள் தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடும். எப்போது எவ்வளவு குறைப்பது என்பதை முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மெட்ஃபார்மினைத் தொடரலாம், ஆனால் நான்கு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

கிட்னிதான் முதலில். மெட்ஃபார்மின் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்றும் கழிவு) எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடையாதீர்கள். கிரியாட்டினின் அதே 1.3 என்றாலும், 35 வயது ஆணுக்கு இஜிஎஃப்ஆர் (கிட்னி ரத்தத்தை வடிகட்டும் திறனைக் காட்டும் எண்) 70-க்கு மேல். 68 வயதுப் பெண்ணுக்கு 45-ஐ ஒட்டி நிற்கும். இஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் அளவைக் குறைக்க வேண்டும். 30-க்குக் கீழே கூடாது. உங்கள் அப்பாவின் கேப்சிடாபின் அளவும் கிட்னியைப் பொறுத்ததே, எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் முன் அந்த எண்ணைக் கேளுங்கள்.

வயிற்றுப்போக்கு இரண்டாவது. கேப்சிடாபினும் போக வைக்கும், மெட்ஃபார்மினும் போக வைக்கும். வழக்கத்தைவிட நாலு தடவை அதிகமாகப் போனாலோ, வாந்தியில் கஞ்சி, தண்ணீர் கூட நிற்காவிட்டாலோ அன்றைக்கு மெட்ஃபார்மினை நிறுத்துங்கள். உடனே புற்றுநோய்ப் பிரிவுக்குப் போன் செய்து கேப்சிடாபினையும் நிறுத்துவதா என்று கேளுங்கள். உடம்பில் நீர் வற்றிக் கிட்னி மந்தமானால் மெட்ஃபார்மின் தேங்கி, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும். அபூர்வம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்து. வேகமாக ஆழ்ந்து மூச்சு வாங்குவது, வயிற்றுவலி, மந்தம், தசைப்பிடிப்பு கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மாத்திரையை நிறுத்திய நாட்களிலும் சர்க்கரையைப் பார்ப்பதை நிறுத்தக் கூடாது. இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டு, சிறுநீரும் நன்றாகப் போன பிறகு மறுபடி தொடங்கலாம். சாதாரண மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் மருந்தை மெதுவாக வெளிவிடும் ‘எஸ்ஆர்’ வகையைக் கேளுங்கள். அதன் கூடு மலத்தில் முழுதாக வெளியே வருவதுண்டு; மருந்து உள்ளே இறங்கியிருக்கும், பயப்பட வேண்டாம்.

மூன்றாவது, மரத்துப்போவது. ஆக்ஸாலிபிளாட்டின் விரல் நுனிகளை மரக்க வைக்கும். ஃபிரிட்ஜ் தண்ணீரைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். பன்னிரண்டு வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டவருக்கு வைட்டமின் பி12 குறைந்திருக்க நிறைய வாய்ப்பு, அதுவும் மரக்க வைக்கும். பழியெல்லாம் கீமோ தலையில் விழுந்து, நல்ல மருந்தைக் குறைக்க வேண்டி வரலாம். பி12 ஒருமுறை பார்த்துவிடுங்கள். 200-க்குக் கீழே இருந்தால் ஊசியோ மாத்திரையோ தேவை.

நாலாவது, எடை. மாதாமாதம் எடை இறங்கிக்கொண்டே போனால் மெட்ஃபார்மினைக் குறைத்து இன்சுலினுக்கு மாற்றுவது நல்லது. சர்க்கரையை 110-லேயே நிறுத்த வேண்டும் என்ற வைராக்கியம் கீமோ காலத்தில் தேவையில்லை.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா சாப்பிடும் சர்க்கரை மாத்திரையும் மெட்ஃபார்மின்தான் என்று ஒரு அட்டையை வாங்கி, கேன்சர் உள்ள என் மாமனாருக்குக் கொடுத்தோம். அவருக்குச் சர்க்கரை கிடையாது. மூன்று மணி நேரத்தில் குப்பென்று வியர்த்து உளறினார். மெட்ஃபார்மின் தாழ்சர்க்கரை உண்டாக்காது என்றார்களே?
- வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: தனி மெட்ஃபார்மின் பெரும்பாலும் உண்டாக்காது. நீங்கள் கொடுத்தது கூட்டு மாத்திரையாக இருந்திருக்கும். ‘கிளைகோமெட்’ என்றால் மெட்ஃபார்மின் மட்டும்; அதோடு ‘ஜிபி’ சேர்ந்தால் கிளிமிபிரைடும் உள்ளே இருக்கிறது. கிளிமிபிரைடு கணையத்தைக் கசக்கி இன்சுலினை வெளியே தள்ளும். சர்க்கரை நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது. வேறு கம்பெனிகளில் இதே கலவை ‘எம்’, ‘ஜிஎம்’ என்று வேறு வேறு எழுத்தோடு வரும். அட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைத்தான் நம்ப வேண்டும்.

இப்படி நேர்ந்தால்: விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து அளந்து, 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், ஏனென்றால் கிளிமிபிரைடின் வேலை ஒரு நாள் வரை நீடித்துச் சர்க்கரை மறுபடி விழும். வயதானவர், சரியாகச் சாப்பிடாதவர் என்றால் கட்டாயம்.

கேள்வி: அடுத்த வாரம் சிடி ஸ்கேன், அதற்கடுத்து பெட் ஸ்கேன். மெட்ஃபார்மினை எத்தனை நாள் நிறுத்த வேண்டும்? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
- வாசகர், ஆம்பூர்

பதில்: இரண்டு ஸ்கேனுக்கும் காரணம் வேறு, அதனால்தான் குழப்பம். சிடியில் நரம்பில் ஏற்றும் அயோடின் மருந்து கிட்னியைப் பாதிக்கக்கூடும். இஜிஎஃப்ஆர் 60-க்கு மேல் இருந்தால் பொதுவாக நிறுத்தத் தேவையில்லை. 30-க்குக் கீழே இருந்தாலோ, கிட்னி திடீரென்று கெட்டிருந்தாலோ ஸ்கேனிலிருந்து 48 மணி நேரம் நிறுத்தி, கிரியாட்டினின் பார்த்த பிறகே மறுபடி தொடங்குவதைப் பற்றி முடிவு. நடுவில் உள்ளவர்களுக்கு மையத்துக்கு மையம் விதி மாறும். உங்கள் ஸ்கேன் மையம் சொல்வதைக் கேளுங்கள். மருந்து ஏற்றாத சாதாரண சிடிக்கு எதுவும் நிறுத்த வேண்டாம்.

பெட் ஸ்கேனில் கிட்னி விஷயமே இல்லை. மெட்ஃபார்மின் சாப்பிடுபவரின் குடல் கதிரியக்கக் குளுக்கோஸை அதிகமாக உறிஞ்சிப் படத்தில் பளிச்சென்று தெரியும். அந்த வெளிச்சத்தில் வயிற்றுக் கட்டி மறைந்துவிடலாம். குடல், கர்ப்பப்பை, சினைப்பை நோய்களில் 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வது அதற்காக. ஆனால் ஸ்கேன் நேரத்தில் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்க வேண்டும், தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த இரண்டு நாளும் காலை மாலை அளந்து பாருங்கள். ஏறினால் ஸ்கேன் காலையில் போய் நிற்காமல் முதல் நாளே போன் செய்யுங்கள்.

கேள்வி: மெட்ஃபார்மின் வேண்டாமென்றால், சாதம், சர்க்கரையை அடியோடு விட்டுவிட்டால் கேன்சர் பட்டினியில் சாகுமா?
- வாசகர், காட்பாடி

பதில்: சாகாது. நீங்கள் நிறுத்தினாலும் ஈரல் புரதத்திலிருந்து குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விடும், கேன்சர் செல் அதை எடுத்துக்கொள்ளும். கரைவது நோயாளியின் தசை. ஒரு கிலோ எடைக்குத் தினம் ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் புரதம் வேண்டும்: 50 கிலோ உள்ளவருக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால் பருப்பு, சுண்டல், தயிர், மீன், கோழி எல்லாம் தட்டில் வர வேண்டும். கேழ்வரகுக் களி வயிற்றை நிரப்பும், புரதம் குறைவு. தொட்டுக்கொள்ளக் கறிக்குழம்போ பருப்போ இருக்கட்டும். கிட்னி நோய் உள்ளவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சர்க்கரை மருந்துகளில் கேன்சர் நோயாளிக்குக் கூடாதது ஏதாவது உண்டா?
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருந்தாலோ, முன்பு வந்திருந்தாலோ பயோகிளிட்டசோன் கூடாது. 2013 ஜூனில் இந்தியாவில் இதன் விற்பனையை நிறுத்தி, அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தார்கள். மூன்று மருந்து கலந்த மாத்திரைகளில் இது ஓரமாக ஒளிந்திருக்கும், அட்டையைப் படியுங்கள். இதைச் சாப்பிடும் யாருக்குமே சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் வெயில் சூடு என்று இளநீர் குடித்துத் தள்ளிப்போடாமல் பரிசோதிக்க வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின் வகை இன்னொன்று. சாப்பாடு இறங்காத நாட்களில் இதைத் தொடர்ந்தால் சர்க்கரை 180, 200 என்று சாதுவாகக் காட்டும்போதே ரத்தத்தில் கீட்டோன் என்ற ஆபத்தான அமிலம் ஏறிவிடும். ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ வேலூர் சிஎம்சி மருத்துவமனையோ காரப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனையோ, எங்கே அட்மிட் ஆனாலும் வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். பெயரை வாயால் சொன்னால் ‘எம்’மும் ‘ஜிபி’யும் விட்டுப்போகும்.