பின்வளவுக்கு வந்த சிவப்பு நெற்றிக் குருவி

தங்கச்சி, ஐப்பசியில் கனடாவுக்கு, ஸ்காபரோ வந்து மாமி வீட்டில் இருக்கிறீர்கள். பின்வளவில் குருவிகளுக்கு விதை போட்டுத் தொங்கவிடுகிற ஃபீடருக்கு, நெற்றியில் குங்குமம் வைத்தது போல ஒரு குருவி வந்தது, அது அரிய பறவையா, திரும்ப வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த விண்டரை நாங்கள் எப்படித்தான் கழிக்கிறோம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

படம் எடுக்க முதல் பறந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். எழுதியதே போதும். சிவப்பு நெற்றியில் மட்டும், சின்ன மஞ்சள் சொண்டு, சொண்டுக்குக் கீழே கறுப்பு, விலாவில் பழுப்புக் கோடுகள். அது ரெட்போல். இங்கே வருடம் முழுக்க இருக்கிற ஹவுஸ் ஃபின்ச்சோடு கனபேர் இதைக் குழப்புவார்கள். ஹவுஸ் ஃபின்ச் ஆணுக்குச் சிவப்பு தலையிலிருந்து நெஞ்சு வரைக்கும் இறங்கியிருக்கும், சொண்டு தடிப்பு, கீழே கறுப்பு இராது. பழைய புத்தகங்களில் ரெட்போல் மூன்று இனமாக இருக்கும். 2024 இல் மூன்றையும் ஒரே இனமாகச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே எந்த ரெட்போல் என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை.

வடக்கே அது அரியது இல்லை. எங்கள் பக்கம்தான் சில விண்டரில் ஒன்றுகூடக் கண்ணில் படாது, சில விண்டரில் கூட்டமாக வந்து இறங்கும். குளிருக்குப் பயந்து வருவதில்லை. எங்களுடைய குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வடக்குக் காடுகளில் பேர்ச் மரங்கள் ஒரு வருடம் அள்ளிக் காய்க்கும், அடுத்த வருடம் பொய்க்கும். பொய்த்த வருடத்தில் சாப்பாடு தேடித் தெற்கே இறங்கும். அந்த மரங்களின் காய்ப்பைக் கேட்டறிந்து, எந்தக் குருவி எந்தப் பக்கம் வரும் என்று ஒன்ராறியோவில் இலையுதிர் காலத்தில் ஒரு முன்னறிவிப்பே வரும். 1999 இல் ரொன் பிட்டவே என்ற பறவை ஆய்வாளர் தொடக்கியது. இப்போது டைலர் ஹோர் எழுதுகிறார். நான் ஒவ்வொரு வருடமும் காத்திருந்து வாசிப்பேன்.

பக்கத்தில் பேர்ச் மரம் இருந்தால் அண்ணாந்து பாருங்கள். கிளை நுனியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு காய்க் கொத்தை உலுப்பும். விதை தவிடு மாதிரி ஸ்நோவில் கொட்டும். பிறகு எல்லாம் கீழே இறங்கிப் பொறுக்கும். தொண்டையில் அதற்கு ஒரு பை உண்டு. வெட்டையில் நின்று கெதியாக அந்தப் பையை நிரப்பிக்கொண்டு, மறைவான கொப்புக்குப் போய் ஆறுதலாகக் கோது நீக்கித் தின்னும். உங்களுடையது சட்டென்று பறந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

திரும்ப வருமா? தனியே திரிவது குறைவு, ஆகவே பக்கத்தில் கூட்டம் இருக்க வாய்ப்பு உண்டு. நைஜர் விதை வாங்கிப் போடுங்கள். இந்தியாவில் பேயெள் என்று விதைக்கிறார்களே, அதேதான். இங்கே வரும்போது முளைக்காதபடி சூடாக்கி விற்கிறார்கள். கறுப்புச் சூரியகாந்தி விதையும் தின்னும். சோறு, பாண் வேண்டாம். என்னுடைய அம்மா வந்த புதிதில் காகத்துக்கு வைக்கிற நினைப்பில் சோற்றை ஸ்நோவில் வைத்தா. மூன்றாம் நாள் எலி வந்தது, பக்கத்து வீட்டோடு மனஸ்தாபமும் வந்தது. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அம்மாவின் கையால் விதைதான். கீழே சிந்துவதையும் கூட்டிவிடுங்கள்.

ஃபீடரை இரண்டு கிழமைக்கு ஒருக்கா, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாக அலசிக் காயவிட்டுத் தொங்கவிடுங்கள். 2021 இல் அமெரிக்காவில் சல்மொனெல்லா என்ற கிருமி பரவிப் பைன் சிஸ்கின் குருவிகள் செத்தபோது, ஃபீடர்களைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். இறகு ஊதிப்போய் அசையாமல் இருக்கிற குருவியைக் கண்டால் நீங்களும் கழற்றிவிடுங்கள். ஃபீடர் யன்னலிலிருந்து ஒரு மீற்றருக்குள்ளே, அல்லது பத்து மீற்றருக்கு அப்பால் இருப்பது நல்லது. இடைத்தூரத்தில் இருந்தால் வேகமெடுத்து வந்து கண்ணாடியில் அடிபட்டுச் சாகும். மாமியிடம் கேட்டுக்கொண்டே மாற்றுங்கள்.

விண்டரைக் கழிப்பது பற்றி. நான் வந்த முதல் வருடம் பேஸ்மென்ட் அறை, இரவு வேலை. பின்னேரம் ஐந்துக்கு முதலே இருட்டு. என் யன்னல் நிலமட்டத்தில் இருந்தது. ஒரு காலை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேரே, சாம்பல் நிற ஜங்கோக் குருவி ஒன்று ஸ்நோவை இரண்டு காலாலும் பின்னுக்குத் தள்ளித் தள்ளி விதை தேடியது. நகம்கூடத் தெரிந்தது. அன்றைக்கு நித்திரை கொள்ளவில்லை. அடுத்த நாள் வேலையால் வரும்போதே விதை வாங்கி வந்தேன். அன்றிலிருந்து வீட்டுக்கு வர ஒரு அவசரம் இருந்தது. இப்போது கார்த்திகை தொடக்கம் சித்திரை வரைக்கும் ஃபீடருக்கு வருகிற குருவிகளை எண்ணி அனுப்புகிறேன். 1976 இல் ஒன்ராறியோவில் லோங் பொயின்ட் பறவை ஆய்வகம் தொடக்கிய வேலை, இன்று ப்ராஜெக்ட் ஃபீடர்வாட்ச் என்று நடக்கிறது. வந்து மூன்று மாதமான உங்கள் எண்ணிக்கையும் அதில் சேரும். கனடாவில் நன்கொடை கொடுத்துச் சேரலாம்.

நாளைக்கு விடிய ஃபீடரில் உறைந்த ஸ்நோவைத் தட்டிவிட்டு, யன்னல் திரையை முதலே விலக்கி வையுங்கள். குருவிகள் வந்த பிறகு திரை அசைந்தால் கூட்டம் முழுக்க எழும்பிவிடும். நெஞ்சை வடிவாகப் பாருங்கள். ரோசா நிறம் படிந்திருந்தால் ஆண். பார்த்துவிட்டு எழுதுங்கள், என் பேர்ச் மரத்துக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை.