டாங்கிள் உடைந்த பிறகு: மென்பொருள் உரிமை பற்றிய கேள்வி பதில்

வக்கீல் தொழிலுக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் கிருஷ்ணகிரியில் டிடிபி சென்டர் நடத்தியவன் நான். அதனால் அச்சகக்காரர்கள், பிளெக்ஸ் கடைக்காரர்கள், லேத் பட்டறைக்காரர்கள் என்று பலரும் மென்பொருள் சம்பந்தமான தகராறுக்கு என்னைத் தேடி வருவார்கள். "கிராக் (காசு கட்டாமல் ஓட வைக்க மென்பொருளின் பூட்டை உடைக்கும் நிரல்), லைசென்ஸ், பதிப்புரிமை பற்றி எதுவானாலும் கேளுங்கள்" என்று போன வாரம் சொன்னதும் நாற்பதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. என் துறைக்குள் வருவதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஓசூர், சிஎன்சி ஜாப் ஒர்க் செய்பவர்: சார், டிசைன் மென்பொருள் கம்பெனியின் வக்கீலிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. எங்கள் கம்ப்யூட்டரில் லைசென்ஸ் இல்லாத காப்பி ஓடுகிறதாம். கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இந்தப் பெரிய டிசைன் மென்பொருள்களில் பல, இணையம் கிடைத்ததும் தன் கம்பெனிக்குத் தகவல் அனுப்பிவிடும். எந்தக் கம்ப்யூட்டர், எந்தப் பதிப்பு என்பது வரை அவர்களிடம் இருக்கலாம்.

முதலில், பயந்துபோய் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் போடாதீர்கள். நோட்டீஸ் வந்த பிறகு அழித்தால் நீதிமன்றத்தில் அதுவே உங்களுக்கு எதிராகப் பேசும். இரண்டாவது, போனில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். எழுதியவர் நிஜமாகவே அந்தக் கம்பெனியின் வக்கீல்தானா, எந்த மென்பொருள், எத்தனை காப்பி என்று எழுத்தில் கேளுங்கள். ஆதாரமே இல்லாமல் மிரட்டுகிறார்கள் என்றால் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் நீங்களே வழக்குப் போட இடம் இருக்கிறது.

சொல்வது உண்மை என்றால், 63-பி பிரிவைப் படித்துவிடுங்கள். திருட்டுக் காப்பி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்காக இல்லை என்றால் சிறையைத் தவிர்த்து 50,000 வரை அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உங்களுடையது பட்டறை, அந்தச் சலுகை கிடைக்காது. பேசி முடித்து லைசென்ஸ் வாங்குவதுதான் வழி. பணம் கட்டுவதற்கு முன், பழைய பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

பென்னாகரம், இன்ஜினியரிங் மாணவர்: அண்ணா, நான் படிப்பதற்குத்தானே கிராக் போடுகிறேன்? சொந்தப் படிப்புக்குச் சட்டத்தில் விலக்கு உண்டாமே?

தம்பி, விலக்கு உண்டு, ஆனால் உங்களுக்கு இல்லை. புத்தகத்தின் சில பக்கங்களைச் சொந்தப் படிப்புக்கு நகல் எடுப்பதை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதே வரியில் "கணினி நிரல் நீங்கலாக" என்று சேர்த்துவிட்டார்கள். ஜெராக்ஸ் எடுக்கும் மாணவனுக்கு ஒரு நியாயம், நிரல் பழகும் மாணவனுக்கு வேறு நியாயம். என் மனதை உறுத்தும் இடம் இது, திருத்த வேண்டிய இடமும் இதுதான். திருத்தும் வரை மாணவர்களுக்கு இலவசமாகத் தரும் கம்பெனிகளின் கல்வி லைசென்ஸைக் கேளுங்கள். ஃப்ரீகேட் போன்ற கட்டற்ற மென்பொருளிலும் பழகலாம்.

காவேரிப்பட்டணம், பிளெக்ஸ் கடை: ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு கிராக் போடு என்கிறான் சர்வீஸ் பையன். போடலாமா?

போடாதீர்கள். சட்டத்தை ஒரு நிமிடம் ஓரமாக வையுங்கள். வீட்டுக்குள் வருகிறவன் நாயைக் கட்டிப்போடச் சொன்னால் எதற்கென்று யோசிக்க மாட்டீர்களா?

என் சென்டரில் நடந்ததைச் சொல்கிறேன். தை மாதம், முகூர்த்த சீசன். ஒரு காலையில் சிஸ்டத்தைப் போட்டால் கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் வால் போல ஒட்டியிருந்தன. எதுவும் திறக்கவில்லை. பணம் கட்டினால் திறப்போம் என்று ஒரு குறிப்பு. முந்தின நாள் சாயங்காலம் நானே ஆன்டிவைரஸை அணைத்து ஒரு கிராக் போட்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகைகள் மட்டும் முப்பதுக்கு மேல். வாடிக்கையாளர்கள் பென்சிலால் கரெக்ஷன் போட்டுக் கொடுத்த புரூஃப் தாள்கள் குப்பைக்குப் போகாமல் மூலையில் கிடந்தன. அவற்றைப் பார்த்து நானும் என் மனைவியும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து திரும்ப அடித்தோம். தாய்மாமன் பெயர் ஒன்று விட்டுப்போய், அந்த வீட்டுக்காரர்கள் கடை வாசலில் வந்து நின்றது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பர்கூர்: ஒரு கம்ப்யூட்டருக்கு வாங்கிய லைசென்ஸை மூன்றில் போடலாமா?

லைசென்ஸில் ஒன்று என்று இருந்தால் ஒன்றுதான். கெட்டுப்போனால் திரும்பப் போட ஒரு பேக்கப் வைத்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது.

ஊத்தங்கரை: வாங்கிய மென்பொருளை அண்ணன் கடையிலும் போட்டுக்கொள்ளலாமா?

மேலே பர்கூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

தருமபுரி, எம்சிஏ முடித்தவர்: சார், ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஒப்பந்தம் எதுவும் இல்லை. இப்போது அதை வேறு கடைக்கு விற்கக் கூடாது என்கிறார்கள்.

நீங்கள் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை என்றால் உரிமை உங்களுடையதுதான் அம்மா. ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் முதலாளிக்குப் போகும். வெளியாளாக எழுதியவரிடமிருந்து உரிமை மாற வேண்டுமானால் கையெழுத்துப் போட்ட எழுத்து ஆவணம் வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. அவர்கள் கொடுத்த பணம் அவர்கள் கடையில் ஓட்டுவதற்கு. நீங்கள் தாராளமாக விற்கலாம். ஆனால் அவர்களுடைய வாடிக்கையாளர் பட்டியல், விலை விவரம் எதுவும் புது காப்பியில் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது.

மத்தூர்: யூடியூபில் ஒருவர் வைரஸ் இல்லாத கிராக் என்று லிங்க் கொடுத்திருக்கிறார். அதுவும் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறது...

அதற்கு மேல் ஒரு வரிகூடப் படிக்காமல் மூடுங்கள்.

கெலமங்கலம்: மென்பொருள் வாங்கியதற்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி எடுக்கலாமா?

ஆடிட்டரைக் கேளுங்கள்.

பாலக்கோடு, டிடிபி சென்டர்: காப்பி எடுத்தால் அசல் அங்கேயேதானே இருக்கிறது? அதைத் திருட்டு என்று எப்படிச் சொல்லலாம்?

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதுவதற்குள் தருமபுரியில் தமிழ் எழுத்துரு வடிவமைக்கும் ஒருவர் சூடாக எழுதிவிட்டார்: "இரண்டு வருடம் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக வளைத்தேன். ஐந்தே ஐந்து பேர் காசு கொடுத்து வாங்கினார்கள். இன்று அந்த எழுத்து ஊரெல்லாம் பேனரில் தொங்குகிறது. என் கூலி எங்கே?" பாலக்கோட்டுக்காரர் விடவில்லை: "நான் ஒரு பத்திரிகைக்கு மேட்டர் அடித்தால் கிடைப்பது எவ்வளவு தெரியுமா? எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் கொடுத்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான்." அப்புறம் ஏழெட்டுப் பேர் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டார்கள்.

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். சட்டத்தின் கண்ணில் இது திருட்டு இல்லை, உரிமை மீறல். தண்டனைச் சட்டத்தில் திருட்டு என்றால் ஒருவரிடமிருந்து பொருளை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம்கூட 1985இல் டவ்லிங் வழக்கில், அனுமதியில்லாமல் பதிந்து விற்ற இசைத்தட்டுகளைத் திருட்டுப் பொருள் சட்டத்துக்குள் கொண்டுவர முடியாது என்றது. ஆனால் 'திருட்டு விசிடி' என்ற சொல் நம் நாக்கில் ஏறிவிட்டது. தமிழ்நாட்டில் 2004இல் குண்டர் சட்டத்துக்குள்ளேயே வீடியோ காப்பி அடிப்பவர்களைச் சேர்த்தார்கள். வார்த்தை கடுமையானால் தண்டனையும் கடுமையாகிறது. அதனால் வார்த்தையைப் பார்த்துப் பேச வேண்டும் என்கிறேன்.

அதற்காக எழுத்துருக்காரரின் கூலி பொய்யாகிவிடாது. அவர் கேட்பது நியாயம். பாலக்கோட்டுக்காரரின் கஷ்டமும் நிஜம். இருவரையும் மோதவிடுவதைத் தவிர இப்போதைய சட்டம் வேறு எதுவும் செய்யவில்லை. வழி நம்மிடமே இருக்கிறது. பாரதியின் எழுத்துகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கியது, பிறகு அவை பொதுவாக்கப்பட்டன. அதன் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி, குடும்பத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல தமிழ் எழுத்துருக்களுக்கும் தமிழ் மென்பொருள்களுக்கும் இதையே ஏன் செய்யக் கூடாது? வடிவமைத்தவருக்கு உயிரோடு இருக்கும்போதே ஒரு நல்ல தொகை, எழுத்துரு எல்லாருக்கும் பொது. நான் அரசிடம் கேட்கும் முதல் திருத்தம் இதுதான்.

கிருஷ்ணகிரி: பதிப்புரிமைக் காலத்தைக் குறைத்தால் போதாதா?

நானும் குறைக்கத்தான் ஆசைப்படுகிறேன். 1984 திருத்தத்தில் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்று சேர்த்தார்கள். அதனால் ஆயுள் முழுவதும், இறந்த பிறகு 60 வருடமும் உரிமை. 25 வயதில் நிரல் எழுதியவர் 75 வயதில் இறந்தால் மொத்தம் 110 வருடம். முன்பு 50ஆக இருந்ததை 1992இல் 60 ஆக்கினார்கள். தாகூரின் நூல்களுக்கு உரிமை முடியப்போகிறது என்பதுதான் அன்றைய காரணம். கவிதைக்குச் செய்ததை நிரலும் அனுபவிக்கிறது. ஆனால் உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின்படி 50க்குக் கீழே நாம் தனியாக இறங்க முடியாது. விலக்குகளை விரிப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. கம்பெனி கைவிட்ட மென்பொருளை யாரும் காப்பாற்றி வைக்கலாம் என்று ஒரு விலக்கு சேர்த்தாலே பெரிய காரியம்.

சூளகிரி: ஆன்டிவைரஸை அணைக்காமல் போடும் கிராக் இருக்கிறதா?

நான்காவது முறையாகச் சொல்கிறேன், கிராக் வேண்டாம்.

போச்சம்பள்ளி, அச்சகம் நடத்தும் பெரியவர்: ஐயா, 1998இல் எங்கள் ஊர்க் கோயில் வரலாற்றை ஒரு தமிழ் மென்பொருளில் அடித்தோம். பிரிண்டர் போர்ட்டில் சாவி போலச் சொருகும் டாங்கிள் இருந்தால்தான் திறக்கும். டாங்கிள் உடைந்துவிட்டது, கம்பெனியும் இல்லை. பூட்டை உடைத்துத் திறந்தால் குற்றமா?

உங்கள் விஷயத்தில் குற்றமில்லை என்றே சொல்வேன். பூட்டை உடைப்பதை 2012இல் வந்த 65-ஏ பிரிவு தண்டிக்கிறது, 2 வருடம் வரை சிறை. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் அது பொருந்தும். சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காக உடைப்பதை அதே பிரிவு விட்டுவிடுகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள், உள்ளே இருப்பது நீங்களே எழுதிய வரலாறு. மென்பொருளை நகல் எடுத்து விற்கப் போவதில்லை, உங்கள் எழுத்தை வெளியே எடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பூட்டை உடைக்காமலே வேலை முடியவும் வாய்ப்பு இருக்கிறது. அந்தக் காலத்துக் கோப்புகள் பலவற்றில் எழுத்துகள் அந்தந்த எழுத்துருவின் குறிமுறையில் அப்படியே கிடக்கும், இன்றைய பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். அன்று வந்த ஃப்ளாப்பி, பில், உடைந்த டாங்கிள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். காசு கொடுத்து வாங்கியதற்கு அவைதான் சாட்சி. கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், டாங்கிளையும் எடுத்து வாருங்கள் ஐயா. என் பழைய சிஸ்டத்தில் பிரிண்டர் போர்ட் இன்னும் வேலை செய்கிறது.